அடித்தகட்டைப் பற்றிப் பேச ஓர் உறுப்பினர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்ற போர்க்கப்பல்களை அருங்காட்சியகமாகப் பராமரித்துவரும் இலாப நோக்கற்ற அமைப்புகள், தங்கள் ஆட்சிக்குழுவில் புதிய உறுப்பினர்களைச் சேர்க்கும்போது வெளியிடும் அறிவிப்புகள் எந்த நாட்டில் வந்தாலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. கடற்படையில் உயர்பதவி வகித்த ஒருவர், வங்கித் துறையில் பெயரெடுத்த ஒருவர், வழக்கறிஞர் ஒருவர் என்று பெயர்களும் பதக்கங்களும் வரிசையாக வரும். அவர்களை வரவேற்றுத் தலைவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் குழுப்படமும் உடன் வரும். அந்தக் கப்பல் கடைசியாக எந்த ஆண்டில் டிரை டாக்கில், அதாவது கப்பலை நீரிலிருந்து வெளியே நிறுத்தி அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் உலர்துறையில், ஏற்றப்பட்டது, அடுத்து எப்போது ஏற்றப்போகிறார்கள், அதற்கான பணம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் வராது. கப்பல் பழுதுபார்ப்பில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், விடுபட்டுப்போகும் இந்தச் செய்திதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரும்புக் கப்பலின் உடல் எங்கே முதலில் கெடும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதியைவிட, நீர்மட்டக் கோட்டை ஒட்டி அலைபட்டும் காற்றுப்பட்டும் மாறிமாறி நனைந்து காயும் பட்டைதான் வேகமாக அரிக்கப்படும். அடுத்து, யாரும் இறங்கிப் பார்க்காத அடித்தள அறைகள். டார்ச் விளக்கோடு அந்த அறைகளுக்குள் குனிந்து போய்த் துருத்தட்டும் சுத்தியலால் தகட்டைத் தட்டினால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். போன தகடு மொத்தென்று ஒலித்து, மட்டைமட்டையாகத் துருவை உதிர்க்கும். சில இடங்களில் உதிரும் துருவின் தடிமன், அதன் அடியில் மிஞ்சியிருக்கும் இரும்பின் தடிமனைவிட அதிகமாக இருக்கும். மேல்தளத்தில் பளபளக்கும் சாம்பல்நிறப் பெயின்டையும் கொடிக்கயிற்றையும் பார்த்துவிட்டு இறங்கும் பார்வையாளருக்கு இது எதுவும் தெரிய வாய்ப்பில்லை. ஆட்சிக்குழு உறுப்பினருக்கும் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

அமெரிக்காவின் ‘டெக்ஸாஸ்’ போர்க்கப்பலின் கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்வது பொருந்தும். 1914 மார்ச் மாதம் பணியில் சேர்ந்து, இரண்டு உலகப் போர்களிலும் பங்கேற்று, 1944-இல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையிலும் மறு ஆண்டு ஜப்பானின் இவோ ஜிமா தீவிலும் குண்டு பொழிந்த கப்பல் அது. நார்மண்டியில் படைகள் உள்நாட்டுக்குள் முன்னேறியபோது, பீரங்கியின் வீச்சு எட்டவில்லை என்பதற்காக ஒரு பக்கத்து அறையில் வேண்டுமென்றே நீரை நிரப்பிக் கப்பலைச் சாய்த்து, அதனால் குழாய்களை இன்னும் உயர்த்திச் சுட்டார்கள் என்பது கடற்படை வரலாற்றில் பலரும் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி. 1948 ஏப்ரல் 21 அன்று ஹூஸ்டன் நகருக்கு அருகே சான் ஹசின்டோவில் அது நிரந்தர நினைவுக் கப்பலாயிற்று. அதை நிர்வகிக்க மாநில அரசு தனி ஆணையம் ஒன்றை அமைத்தது.

அந்த ஆணையத்தில் மதிப்புக்குரியவர்கள் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1968-இல் மேல்தளத்து மரப்பலகைகள் உளுத்து மழைநீர் உள்ளே இறங்கத் தொடங்கியபோது, பலகைகளை எடுத்துவிட்டு அங்கே கான்கிரீட் கொட்டினார்கள். மரம் போடுவதைவிடச் செலவு குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இருந்ததாகத் தெரியவில்லை. வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் அசையும் இரும்பின் மேல் கொட்டிய கான்கிரீட், எதிர்பார்க்க வேண்டியபடியே வெடித்தது. வெடிப்பின் வழியே இறங்கிய மழைநீர் மீண்டும் கப்பலுக்குள் தேங்கிற்று. கப்பல் கட்டுமானம் அறிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று மறுத்திருந்தால், 20 ஆண்டுக் கால அரிப்பில் ஒரு பகுதியையாவது தவிர்த்திருக்கலாம். 1983-இல் சட்டமன்றம் கப்பலை அந்த ஆணையத்திடமிருந்து எடுத்து மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்தது. 1988 முதல் 1990 வரை டிரை டாக்கில் பழுதுபார்த்தபோது கான்கிரீட் அகற்றப்பட்டு மீண்டும் மரத்தளம் போடப்பட்டது.

அதன்பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கப்பல் டிரை டாக் ஏறவே இல்லை. நீரை விட்டு வெளியே எடுத்து நிலையான மேடையில் நிறுத்துவதற்காக 2007-இல் மாநில வாக்காளர்கள் 2.5 கோடி டாலருக்கான கடன்பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்தார்கள். அந்தத் திட்டத்துக்கு அந்தப் பணம் போதாது என்று தெரிந்து, தொகை உள்கட்டமைப்புப் பழுதுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. இதற்கிடையே அடிப்பகுதியில் ஓட்டைகள் பெருகிப் பம்புகள் இரவு பகலாக ஓடினால்தான் கப்பல் மிதக்கும் என்ற நிலை வந்தது. 2019-இல் மாநில அரசு ஒரு முடிவுக்கு வந்தது. பழுதுபார்க்க 3.5 கோடி டாலர் கொடுத்து, கப்பலின் நிர்வாகத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் ‘பேட்டில்ஷிப் டெக்ஸாஸ் ஃபவுண்டேஷன்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. 2022 ஆகஸ்ட் 31 அன்று இழுவைப் படகுகள் அதைக் கால்வஸ்டன் நகரின் டிரை டாக்குக்கு இழுத்துச் சென்றன. அடிப்பகுதித் தகடுகளில் பெரும்பகுதியை மாற்றி, 2024 மார்ச் மாதம் அது மீண்டும் நீரில் இறக்கப்பட்டது.

அரசு ஒதுங்கிக்கொண்ட அந்த நாளிலிருந்து, கப்பலின் உயிர் அந்த அமைப்பின் ஆட்சிக்குழுவின் கையில் இருக்கிறது. பழைய இடத்தில் பராமரிப்புக்குப் போதுமான பார்வையாளர்கள் வருவதில்லை என்பதால் அங்கே திரும்பிப் போவதில்லை என்று முடிவாயிற்று. அப்படியானால் எங்கே? பல நகரங்களோடு பேச்சு நடந்தது. கால்வஸ்டன் என்று முடிவான பிறகும் எந்தத் துறைமேடை என்பதில் இழுபறி நீண்டது. தகட்டை வெட்டி ஒட்டும் வேலை முடிந்து கப்பல் மிதந்துகொண்டிருக்க, அதை நிறுத்த ஓரிடம் பிடிக்கும் வேலை முடியவில்லை. வெல்டரின் வேலையைவிடத் துறைமுக அதிகாரியோடும் நகராட்சியோடும் அக்கம்பக்கத்து வணிகர்களோடும் பேசி முடிப்பவரின் வேலை கடினமாகிவிட்ட கட்டம் அது. அத்தகைய அமைப்பு புதிய உறுப்பினரைத் தேடும்போது, போரில் எந்தப் பதக்கம் பெற்றார் என்பதைக் காட்டிலும், துறைமுகக் குத்தகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துப் பழகியவரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நிறுத்தும் இடம் பறிபோனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ‘பிளிமத்’ கப்பலே சான்று. 1982 ஃபாக்லாந்து போரின்போது தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்த அர்ஜென்டினப் படைப்பிரிவின் சரணாகதி கையெழுத்தானது அதன் அறையில்தான். அவ்வளவு பெருமை இருந்தும், பர்க்கன்ஹெட்டில் அதைக் காட்சிக்கு வைத்திருந்த அறக்கட்டளை இடப் பிரச்சினையில் சிக்கி 2006-இல் மூடப்பட்டது. பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த கப்பல் 2014-இல் துருக்கிக்கு இழுத்துச் செல்லப்பட்டு உடைக்கப்பட்டது.

லண்டன் தேம்ஸ் நதியில் நிற்கும் ‘பெல்ஃபாஸ்ட்’ தப்பித்தது வேறு வழியில். அதன் முன்னாள் கேப்டனும் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினருமான மோர்கன் மோர்கன்-ஜைல்ஸ் தலைமையில் ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1971 அக்டோபரில் கப்பல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கடற்படையினரின் பாசம் ஒரு கப்பலை உடைப்புக்கூடத்திலிருந்து மீட்கும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் 1978-இலேயே அந்த அறக்கட்டளை, அரசு நிதி பெறும் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தோடு கப்பலை இணைத்துவிட்டது. தனியாகத் தாங்க முடியாது என்பதை ஏழு ஆண்டுகளில் உணர்ந்து, கௌரவம் பார்க்காமல் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்த அந்தக் குழுவினரை நான் மதிக்கிறேன். எத்தனையோ குழுக்களுக்கு அந்தத் தெளிவு வருவதில்லை.

கணக்கு வழக்கைக் கண்காணிப்பது ஆட்சிக்குழுவின் கடமைகளுள் மிகவும் சலிப்பூட்டுவது. அதனாலேயே அதிகம் கைவிடப்படுவது. 1898-இல் மணிலா விரிகுடாப் போரில் தளபதி டூயியின் கொடிக்கப்பலாக இருந்த ‘ஒலிம்பியா’ இன்று பிலடெல்பியாவில் நிற்கிறது. 1945-க்குப் பிறகு அது டிரை டாக்கே ஏறவில்லை. அதைப் பராமரிக்கும் கடல்சார் அருங்காட்சியகத்தின் முன்னாள் தலைவர் ஒருவர், நிறுவனத்தின் பணத்தை மோசடி செய்த குற்றத்துக்காக 2007-இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். கப்பலின் அடித்தகடு ஒருபுறம் அரிக்கப்பட, கணக்குப் புத்தகம் மறுபுறம் அரிக்கப்பட்டிருக்கிறது; குழுவினர் இரண்டையும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் இத்தகைய அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அளிக்கும் அறிக்கையை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். உறுப்பினர்களின் பெயரும் நிர்வாகிகளின் ஊதியமும் அதில் இருக்கும். புதிதாகச் சேரவிருப்பவர் கையெழுத்திடுவதற்கு முன் கடந்த சில ஆண்டுகளின் அறிக்கைகளைப் படித்துவிட்டாரா என்று கேட்பது அவமதிப்பு ஆகாது.

அங்கே கடற்படை கப்பலைத் தானமாகத் தரும்போது விதிக்கும் நிபந்தனையும் தெளிவானது: அரசுக்கு ஒரு காசுகூடச் செலவு வைக்கக் கூடாது, கடற்படைக்கு நிறைவளிக்கும் நிலையில் கப்பலைப் பராமரிக்க வேண்டும். அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் பொறுப்பு ஆட்சிக்குழுவினுடையது. பஃபலோ நகரில் நிற்கும் ‘தி சல்லிவன்ஸ்’ கப்பலில் 2022 ஏப்ரலில் நீர் புகுந்து, கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து பின்புறம் அமிழ்ந்தது. அடிப்பகுதியைச் சரிசெய்யப் பணம் திரட்டும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கி, வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஒரே கப்பலில் இறந்த ஐந்து சகோதரர்களின் பெயரைத் தாங்கிய கப்பல் என்பதால் உதவி வேகமாக வந்தது. நீரை இறைத்து நிமிர்த்திவிட்டார்கள். எல்லாக் கப்பலுக்கும் அத்தகைய பெயர் வாய்ப்பதில்லை.

நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு கப்பலும் இந்த வரிசையில் உண்டு. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘டிரிங்கோமலி’, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது. பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் தேக்கு மரத்தில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கிய பாய்மரப் போர்க்கப்பல் அது. அதன் வரைபடங்களை முதலில் பம்பாய்க்குக் கொண்டுவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812-இல் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ தோற்கடித்ததால் வரைபடங்கள் தொலைந்து, மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ‘கான்ஸ்டிடியூஷன்’ இப்போது பாஸ்டனில் பார்வையாளரை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

டிரிங்கோமலியை அதன் அறக்கட்டளை 1987-இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுசென்றது ஏன் என்பதைக் கவனிக்க வேண்டும். இரும்புப் போர்க்கப்பலான ‘வாரியர்’ அந்த ஊரில்தான் பல ஆண்டுகள் சீரமைக்கப்பட்டு, அதே 1987-இல் போர்ட்ஸ்மத்துக்குப் புறப்பட்டது. கப்பல் கட்டும் தளங்கள் மூடப்பட்டு வேலையிழந்த ஊரில், பழைய கப்பலைத் தொட்டுப் பழகிய தச்சர்களும் கொல்லர்களும் கயிற்றுவேலைக்காரர்களும் அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். கப்பலைக் கைத்திறன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அறக்கட்டளையில் யாரோ யோசித்திருக்கிறார்கள். சீரமைப்பு 2001 வரை நடந்தது. அந்த யோசனை ஒன்றே பெரும் நன்கொடைக்குச் சமம் என்பேன்.

நம் நாட்டில் ‘விக்ராந்த்’ எப்படிப் போனது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1971 போரில் கிழக்குக் கடற்பரப்பைக் காத்த அந்த விமானந்தாங்கி, 1997-இல் ஓய்வுபெற்று, மும்பையில் 2012 வரை அருங்காட்சியகமாக அவ்வப்போது திறந்துவைக்கப்பட்டது. பின்னர் பாதுகாப்பில்லை என்று மூடப்பட்டு, 2014-இல் ஏறத்தாழ 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய் உடைக்கப்பட்டது. ‘விராட்’ விமானந்தாங்கிக்கு 2018-இல் மகாராஷ்டிர அமைச்சரவை 852 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது, அதுவும் நடக்கவில்லை. 2020-இல் கப்பல், குஜராத்தில் கப்பல்களை உடைக்கும் அலங் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, தனியார் நிறுவனம் ஒன்று அருங்காட்சியகமாக்குகிறோம் என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 ஏப்ரலில் வழக்கு முடிந்தபோது கப்பலில் கணிசமான பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. நம் மாமல்லபுரத்தில் ‘வாக்லி’ நீர்மூழ்கியைக் காட்சிக்கு வைப்பதாகச் சொல்லப்பட்ட திட்டமும் நிறைவேறவில்லை. 2010-இல் ஓய்வுபெற்ற அந்த நீர்மூழ்கி சென்னைத் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததுதான் மிச்சம். மாறாக, விசாகப்பட்டினத்தில் ‘குர்சுரா’ நீர்மூழ்கி 2002 முதல் கடற்கரைச் சாலையோரம் நிற்கிறது. அதைக் கரையேற்றித் தரையில் அமர்த்திவிட்டதால் டிரை டாக் என்ற பேச்சே எழுவதில்லை. உப்புக்காற்றோடு மட்டும் போராடினால் போதும். நகர வளர்ச்சிக் குழுமமே பொறுப்பேற்றதால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதிலும் குழப்பமில்லை.

இங்கே கப்பல் அருங்காட்சியகம் என்றால் அரசுத் திட்டம் என்றே பொருள் கொள்கிறோம்; ஆட்சி மாறினால் கோப்பு நின்றுவிடுகிறது. பொறுப்புள்ள அறக்கட்டளை ஒன்று இருந்திருந்தால் விக்ராந்த் தப்பியிருக்குமா என்று கேட்டால், உறுதியாக ஆம் என்று சொல்லமாட்டேன். நூறு டன் படகையும் இருபதாயிரம் டன் விமானந்தாங்கியையும் ஒரே ஆர்வத்தோடு பார்ப்பதுதான் ஆர்வலர்கள் செய்யும் பிழை. ஆனால் அத்தகைய குழு ஒன்று இருந்திருந்தால், தொடக்கத்திலேயே தகடுகளின் தடிமனை அளவெடுத்து, இதைத் தாங்க முடியும் அல்லது முடியாது என்று பொதுமக்களுக்கு நேர்மையாகச் சொல்லியிருக்கலாம்.

முடியாது என்று சொல்வதும் ஆட்சிக்குழுவின் வேலைதான். தென் கரோலினாவில் 1981 முதல் காட்சிக்கு நின்ற ‘கிளாமகோர்’ நீர்மூழ்கி, பழுதுபார்ப்புச் செலவு கைமீறிப்போனதால் 2022-இல் உடைக்கப்பட்டது. முன்னாள் நீர்மூழ்கி வீரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் வேதனை புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் துறைமுகத்தில் தானாக அமிழ்ந்து எண்ணெயைக் கக்கும்வரை காத்திருப்பதைவிட, உள்ளிருந்த கருவிகளையும் நினைவுப்பொருள்களையும் எடுத்துக் காத்துவிட்டு உடலை முறையாகப் பிரிப்பது மேல். கப்பலில் பணியாற்றியவர்கள் மட்டுமே நிறைந்த குழுவால் இத்தகைய முடிவை எடுக்க இயலாது. தாம் இளமையில் படுத்துறங்கிய கப்பலை உடைக்கக் கைதூக்கு என்று ஒரு மனிதரிடம் சொல்வது நியாயமும் அன்று. ஆகவேதான் அக்கப்பலோடு எந்தப் பந்தமும் இல்லாத, ஆனால் கப்பல் சர்வேயராகவோ காப்பீட்டு மதிப்பீட்டாளராகவோ தேர்ந்த இருவரேனும் குழுவில் இருக்க வேண்டும் என்கிறேன். அவர்கள் பேச்சு கசக்கும், கூட்டம் நீளும், நன்கொடையாளர் விருந்தில் அவர்களால் பெரிய பயன் இராது.

முன்னாள் வீரர்கள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. இயந்திர அறையின் எந்த வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல அவர்களைவிட்டால் ஆளில்லை; பள்ளிப் பிள்ளைகளுக்குக் கப்பலைப் பேசவைப்பவர்களும் அவர்களே. அவர்களுக்குரிய இடம் கப்பலின் மேல்தளத்திலும் வழிகாட்டிகளின் அணியிலும் நிச்சயம் உண்டு. ஆட்சிக்குழுவிலும் ஓரிரு இருக்கைகள் உண்டு. எல்லா இருக்கைகளும் அவர்களுக்கே என்பதுதான் ஏற்க முடியாதது. பெயருக்கு மட்டும் இடம்பெற்று ஆண்டுக்கு ஒருமுறை படத்துக்கு நிற்கும் செல்வந்தர்களைப் பற்றியும் இதையே சொல்வேன்: காசோலையை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம், இருக்கையைக் கொடுக்க வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இந்தியாவிலோ வெளிநாட்டிலோ கப்பல் அருங்காட்சியக அமைப்பொன்று புதிய உறுப்பினர்களை அறிவித்த செய்தியை வெளியிடும்போது, அக்கப்பல் கடைசியாக டிரை டாக் ஏறிய ஆண்டையும், அடிப்பகுதித் தகடுகளின் தடிமன் கடைசியாக அளக்கப்பட்ட ஆண்டையும், அடுத்த பழுதுபார்ப்புக்கென ஒதுக்கியிருக்கும் தொகையையும் அந்த அமைப்பிடமே கேட்டு, செய்தியின் கடைசிப் பத்தியாகவேனும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையே அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் பழுதுபார்ப்புப் பொறியாளர்,
தூத்துக்குடி.